குனிந்தது நான்தான்

என் அன்பு றொஜன் அண்ணைக்கு,

இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்ட வேண்டாம். உங்களோடு படிக்கிறவர்களுக்கும் வேண்டாம், அதிபர் சாமிக்கும் வேண்டாம், வாசித்து முடித்ததும் கிழித்துக் குசினி அடுப்பில் போட்டுவிடுங்கள். குருமடத்துக்கு வருகிற தபாலை முதலில் கந்தோரில் பிரிப்பார்கள் என்று நீங்கள் ஒருமுறை சொன்னதால் தபாலில் போடவில்லை. றஜீனா அன்ரி சனிக்கிழமை ஊருக்கு, மன்னாருக்குப் போகிறார், நீங்கள் கேட்ட அகராதியை அம்மா அவரிடம் கொடுத்தனுப்புகிறார், அதன் பின்னட்டைக்குள் இதை ஒட்டி வைப்பேன். அப்பாவின் கடிதங்கள் எல்லாம் மாதாவின் துணையால் இங்கு மூவரும் சுகம் என்றுதான் தொடங்கும். நானும் அப்படித்தான் தொடங்க நினைத்தேன், பேனை ஓடவில்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்பது உண்மை, உங்கள் இருமல் நின்றிருக்க வேண்டும் என்று அம்மா ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்வதும் உண்மை. எங்கள் சுகத்தை மட்டும் அப்பாவின் எழுத்தை வைத்து நம்ப வேண்டாம்.

அம்மாவுக்குக் கையில் சின்னச் சுளுக்கு, எண்ணெய் தேய்த்தால் மாறிவிடும் என்று அப்பா எழுதியிருந்தாரே, அது சுளுக்கில்லை. மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்து ஆறு கிழமை கட்டுப் போட்டிருந்தது. இப்போதும் அவருக்கு இடியப்பம் பிழிய ஏலாது, நான்தான் பிழிகிறேன். அவருடைய துப்புரவு வேலையும் நின்றுவிட்டது. நான் நன்றாகப் படிக்கிறேன் என்று எழுதியிருப்பார், அதுவும் பொய், ஆனால் அந்தப் பொய் அவருடையது இல்லை, என்னுடையது. வீட்டுக்கு வருகிற ஆங்கிலக் கடிதங்களை எல்லாம் வாசலில் இருக்கிற மாதா சுரூபத்தின் அடியில் வைப்போம். அப்பா வேலை முடிந்து வந்து முகம் கழுவிவிட்டு அவற்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார். கவுன்சில், ஆஸ்பத்திரி, விசா எல்லாம் என் வாயால்தான் இந்த வீட்டுக்குள் வரும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதமும் அப்படித்தான் வந்தது. உங்கள் மகள் இந்த மாதம் ஐந்து நாள் வரவில்லை என்று அதில் இருந்தது. சுற்றுலாவுக்கு விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள் என்று வாசித்தேன்.

ஏன் போகவில்லை என்று சொல்வதற்கு முதலில் அந்த நாய்ப் புல்வெளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை நடக்கிற கோயிலுக்கு நாங்கள் இருக்கும் மோர்டன் வீட்டிலிருந்து நேரே பஸ் இல்லை. றோட்டால் சுற்றி நடந்தால் முப்பத்தைந்து நிமிடம், ஆற்றோரக் காட்டுக்குள்ளால் போனால் பதினைந்து. மரமும் நாணலும் நீர்க்கோழியுமாக அப்படியே விட்டிருக்கிற இடம். அதன் நடுவில் பெரிய புல்வெளி ஒன்றை வேலியடைத்து நாய்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். காட்டுப் பாதையில் நாயை வாரில் பிடித்துத்தான் கொண்டுபோக வேண்டும், பறவைகள் முட்டையிடுகிற மாதங்களில் இன்னும் கண்டிப்பு. வேலிக்குள் வந்ததும் அவிழ்த்துவிடலாம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு படலை, முதலாவதைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் நாய் காட்டுக்குள் ஓடிவிடும். புல்வெளியைக் குறுக்கே கடந்தால் அந்தப் பக்கப் படலை கோயில் றோட்டில் திறக்கும். நாய் இல்லாதவர்கள் வரக்கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் நாய் இல்லாமல் வருகிறவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அங்கே வருகிறவர்களுக்கு ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது, நாய்களின் பெயர்தான் தெரியும். பார்னியின் அம்மா, லூனாவின் அப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் அதைச் சொன்னபோது அம்மா நின்று சிரித்தார், நாய்க்கு அம்மாவோ, ஞானஸ்நானம் எந்தக் கோயிலிலயாம் என்று கேட்டார். ஒருநாள் ஒரு கிழவர் வந்து உங்கள் நாய் எங்கே என்று மரியாதையாகக் கேட்டார். எங்கட நாய் ஊரில, பேசாலையில மீன்வாடிக்குள்ள படுத்திருக்குது, அதுக்கு இன்னும் விசா குடுக்கேல்லை எண்டு சொல்லு பிள்ளை என்றார் அப்பா. நான் எங்கள் நாய் வீட்டில் நிற்கிறது என்று மட்டும் சொன்னேன். அப்பா சொல்வதை நான் எப்போதும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வேன். கோபத்தைக் குறைப்பேன், பகிடியை விடுவேன். அவர்கள் சொல்வதையும் மாற்றித்தான் அப்பாவுக்குச் சொல்வேன். இதை நினைவில் வைத்திருங்கள் அண்ணை.

மார்ச் மாதப் பூசை அன்று அம்மா அறுபது மீன் கட்லட் பொரித்திருந்தார். தபசு காலம், இறைச்சி கூடாது, பூசைக்குப் பிறகு எல்லோருக்கும் கொடுப்பதற்கு. பெரிய தட்டில் அடுக்கி அலுமினியத் தாளால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். படலையில் ஒரு பலகை இருக்கிறது, அதன் மூன்றாவது வரி உள்ளே சாப்பாடு கொண்டுவர வேண்டாம் என்பது. நான் அதை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். அன்று வாசிக்கத் தெரியாதவள்போல அதைக் கடந்து போனேன். மழை தூறியது, பூசைக்குப் பிந்திவிட்டோம், சொன்னால் அம்மா திரும்பிச் சுற்றிப் போவோம் என்பார். எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தது ஒருத்திக்குத்தான், அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளே போனதும் அப்பா பின்னுக்கு நின்று படலையைக் கொளுவிக்கொண்டிருந்தார். பார்னி அந்தத் தொங்கலில், புல்வெளியின் முடிவில் நின்றது, மண்ணிறத்தில் ஒரு கன்றுக்குட்டி அளவு நாய். எங்களைக் கண்டதும் நேரே ஓடி வந்தது. எனக்கு எட்டு வயதில் கடித்த நாயும் அப்படித்தான் வந்தது. நீங்கள் என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். ஊசி போட்டுத் திரும்பி வரும்போது, ஓடாத, குனி, கல்லெடுக்கிற மாதிரிக் குனிஞ்சாப் போதும், பேசாலையில அதுக்குப் பிறகும் நிக்கிற நாய் ஒண்டும் இல்லை என்று சொல்லித் தந்தீர்கள். நீங்கள் சொன்னது சரிதான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகும் வழியில் எத்தனை நாய்க்குக் குனிந்திருப்பேன், எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின. அன்றும் யோசிக்காமல் குனிந்தேன். அண்ணை, இங்குள்ள நாய்களுக்கு யாரும் கல்லெறிந்ததில்லை. இங்கே ஒருவர் குனிந்தால் பந்து எடுக்கத்தான் குனிகிறார். நான் குனிந்ததைக் கண்டதும் அது சந்தோசத்தில் இரண்டு மடங்கு வேகமாக வந்தது. வந்த வேகத்தில் கட்லட் மணம் பிடித்து அம்மாவின் மேல் பாய்ந்தது.

அம்மா கையை ஊன்றி விழுந்தார். தட்டு எங்கேயோ போனது. அது அம்மாவின் நெஞ்சில் முன்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு அவருடைய சீலையில் ஒட்டியிருந்ததை நக்கித் தின்றது, அம்மா யேசுவே யேசுவே என்று கத்தினார். குனிந்த என் கையில் உண்மையாகவே ஒரு கல் வந்திருந்தது. எறிந்தேன். மாங்காய்க்கு எறிந்து ஒன்றைக்கூட விழுத்தாதவள் நான். அது கத்திய சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பார்னிக்கு இப்போது ஒரு கண்தான். அது கடிக்க வரவில்லை, அண்ணை. கட்லட்டுக்கு வந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் நான் ஒவ்வொரு நாளும் எழும்புகிறேன்.

பார்னியின் அம்மா அப்போது தூரத்தில் போனில் கதைத்துக்கொண்டு நின்றாள். ஒருவர் குனிந்ததையும் பிறகு கை ஓங்கியதையும் கண்டிருக்கிறாள், யார் என்று தெரியவில்லை. நானும் அப்பாவும் ஒரே மாதிரிக் கறுப்பு மழை அங்கி போட்டிருந்தோம், அப்பாவுக்கு வேலைத்தலத்தில் கொடுத்தவை, பழையதை நான் போடுகிறேன். அவள் ஓடிவந்து யார் எறிந்தது என்று கத்தினாள். அப்பா என் கையைப் பிடித்து விரித்து, அதிலிருந்த சேற்றைத் தன் உள்ளங்கையால் துடைத்தார். அவ்வளவுதான் செய்தார். பொலிஸ் வந்தபோது என்னைப் பார்த்து, சொல்லு பிள்ளை, அப்பாதான் எறிஞ்சவர் எண்டு சொல்லு என்றார். நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன். சொல்லடி என்றார். அவர் என்னை அடி என்று கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. நான் சொன்னேன். எந்த நாளும் அவர் சொல்வதை மாற்றிச் சொல்கிறவள், அன்று மட்டும் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பொலிஸ்காரி அதை எழுதிக்கொண்டு, நல்லாய் மொழிபெயர்க்கிறாய் என்று என்னைப் பாராட்டினாள்.

இரவு அப்பா என் கட்டிலில் வந்து இருந்து, பொம்பிளைப் பிள்ளை பொலிஸ் ஸ்ரேசன் படி ஏறக்கூடாது, உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்றார். எதை நினைத்துச் சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். ஊரில் விசாரணை என்று கூட்டிக்கொண்டு போன பிள்ளைகளை அவர் கண்டவர். இது வேறு நாடு, இங்கே அப்படியில்லை என்று சொன்னேன். எல்லா நாட்டிலும் ஸ்ரேசனுக்குப் படி இருக்குது என்றார்.

அடுத்த கிழமை அந்த வேலி முழுக்க அட்டைகள் கட்டியிருந்தார்கள். கெதியாகச் சுகமாகு பார்னி என்று எழுதி, பூ வரைந்து, சின்னப் பிள்ளைகளின் படங்கள், யாரோ ஒரு எலும்புப் பொம்மையும் தொங்கவிட்டிருந்தார்கள். என் வகுப்பு மெகன் கையெழுத்துப் போட்டிருந்தாள். அம்மா கையில் கட்டோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், என்ன எழுதியிருக்குது என்று கேட்டார். வேலியைத் தொட வேண்டாம், வர்ணம் காயவில்லை என்று எழுதியிருக்கிறது என்று சொன்னேன். விழுந்த மனிசிக்கு எப்படி என்று இன்றுவரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் புல்வெளிக்காரர்களுக்குப் போனில் ஒரு குழு இருக்கிறது, அதில் அப்பாவின் முதுகுப் படம் போட்டு, நாய்க்குக் கல்லெறிகிற ஊருக்கே இவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதை நான் வாசிப்பதைக் கண்டுதான் அப்பா என் போனை வாங்கி வைத்துக்கொண்டார். வகுப்பில் ஒருவன் நான் வருகிறபோதெல்லாம் குனிந்து கல்லெடுப்பதுபோலக் காட்டுகிறான், மற்றவர்கள் குரைக்கிறார்கள், அதனால்தான் அந்த ஐந்து நாளும் போகவில்லை. அவர்களுக்குத் தெரியாமலே சரியான ஆளுக்குத்தான் குனிகிறார்கள். எங்கள் ஆட்களும் குறைவில்லை. பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் தவமலர் அன்ரி எனக்குக் கேட்கும்படியாகவே, மகன் குருமடத்தில, தேப்பன் கோட்டில, நல்ல குடும்பம் என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டு எங்கள் அம்மாவுக்குக் கேக் கொடுத்தார்கள்.

கோடு, நீதிமன்றம் என்றதும் பயந்திருப்பீர்கள், அதைத்தான் அப்பா உங்களுக்கு மறைக்கிறார். ஜூன் பதினெட்டாம் திகதி வழக்கு. சட்டத்தரணி ஒரு தமிழ்ப் பெண், துசியந்தி என்று பெயர், ஹவுன்ஸ்லோவில் கந்தோர் வைத்திருக்கிறார். அப்பாவைத் திருப்பித் திருப்பி ஒரே கேள்விதான் கேட்டார். ஏன் குனிஞ்சனீங்கள் அண்ணை, நாய் உங்கட மனிசியைத் தொட முதலே குனிஞ்சதெண்டு அந்தப் பொம்பிளை சொல்லுறா, நாயைச் சீண்டி வரப்பண்ணிப்போட்டு எறிஞ்சதெண்டு சொல்லப்போறாங்கள், ஏன் எண்டு சொன்னால்தானே நான் ஏதாவது கதைக்க ஏலும் என்றார். அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது அண்ணை. அவர் குனியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் பக்கத்துக் கதிரையில் இருந்தேன், எட்டு வயதில் கடித்த நாயும், சைக்கிளும், நீங்கள் சொன்னதும் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. அப்பா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். துசியந்தி அக்கா பேப்பர்களை அடுக்கிக்கொண்டு, பதினெட்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை ஒண்டு பயத்தில எறிஞ்சிருந்தால் மன்னிப்புக் கடிதத்தோட முடிஞ்சிருக்கக்கூடும், இது வளர்ந்த ஆள் எண்டபடியால்தான் வழக்கு என்றார். அவர் அதை யாரையும் நினைத்துச் சொல்லவில்லை, ஒரு கதைக்குச் சொன்னார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அவர் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறார். ஒத்துக்கொண்டால் கெதியாக முடியும், ஆனால் பதிவு நிற்கும். ஒக்ரோபரில் எங்கள் விசா முடிகிறது, நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கிறபோது அந்தப் பதிவை வைத்து மறுக்கலாம் என்று துசியந்தி அக்கா சொன்னார். மறுத்தால் எங்கள் மூவருக்கும்தான். பஸ் தரிப்பிடத்தில் வைத்து நான் சொன்னேன், அப்பா, பொய்யாய் ஒத்துக்கொண்டால் எல்லாம் போகும், உண்மையைச் சொன்னால் ஒரு கடிதத்தோடு முடியலாம் என்று. முடியலாம் எண்டுதானே அவ சொன்னவ, முடியும் எண்டு சொல்லேல்லையே என்றார். எனக்கு அவர்மேல் வருகிற கோபத்தை உங்களிடம் ஒளிக்க மாட்டேன். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி வாழ்நாள் முழுக்க நான் தூக்கவேண்டிய ஒன்றை என் தலையில் வைக்கிறார், அதை அன்பு என்றும் சொல்கிறார். கல்லெறிந்த கை என்னுடையது, பொய் சொன்ன வாயும் என்னுடையது, அவருடையது என்று இதில் என்ன இருக்கிறது.

பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். ஒரு பொய் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன், என்ன பொய் என்று சாமி கேட்கவில்லை, வெளியே வரிசை நீளம். மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். மூன்றும் சொன்னேன், அப்பாவின் வழக்கு அப்படியே நிற்கிறது. நீங்கள் அங்கே பாவம், மன்னிப்பு என்றெல்லாம் பெரிய புத்தகங்களில் படிக்கிறீர்கள். தகப்பன் பிள்ளைக்காகச் சொல்கிற பொய்யைப் பிள்ளை உடைத்தால் அது எந்தக் கட்டளையை மீறுவது என்று அதில் எங்கேயாவது எழுதியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். ஜூன் முதல் சனி நீங்கள் போன் எடுக்கிறபோது எங்களை ஸ்பீக்கரில் போடச் சொல்லாதீர்கள், அப்பாவை மட்டும் கேளுங்கள். ஜெனோஜா எழுதினாள் என்று சொல்லுங்கள், பரவாயில்லை. அவளைச் சொல்ல விடுங்கள் அப்பா என்று ஒரு வசனம் சொல்லுங்கள். உங்கள் சொல்லை அவர் தட்ட மாட்டார், வருகிற தை மாதம் உங்களுக்கு வெள்ளை அங்கி போடுகிற நாளுக்கு வரவேண்டும் என்று அவர் காசுக்கு மேல் காசு சேர்க்கிறார், பதிவு விழுந்து விசாவும் இழுபட்டால் அதற்கும் வர ஏலாது என்று சொல்லுங்கள். நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்களோ என்றும் எனக்குப் பயம். அப்பா சொல்றதைக் கேள் தங்கச்சி என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம். குனியச் சொல்லித் தந்தது நீங்கள், அதனால் உங்களிடம்தான் கேட்க முடிகிறது.

அம்மா சொல்லச் சொன்னவை. அகராதியோடு ஒரு பொட்டலம் கொத்தமல்லி இருக்கிறது, இருமலுக்கு அவித்துக் குடிக்க வேண்டும். ஈரத் தலையோடு கோயிலுக்குள் முழந்தாளிட வேண்டாம். பெரிய வியாழன் பூசையில் சாமி கழுவிய உங்கள் காலில் வந்த புண் ஆறிவிட்டதா என்று எழுதவும். நான் இளையவள், உங்களுக்கு ஆசீர் சொல்ல எனக்கு உரிமையில்லை, அம்மா தன் இடதுகைப் பெருவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டு இதை றொஜனுக்கு அனுப்பு என்றார், அனுப்புகிறேன். வலது கை இன்னும் நெற்றிவரைக்கும் வருவதில்லை. கடிதத்தைக் கிழிக்க மறக்க வேண்டாம்.

இன்று பின்னேரம் மாதாவின் அடியில் ஒரு கடிதம் இருந்தது, மண்ணிற உறை, மேலே கோட்டின் முத்திரை. நான் பிரிக்கவில்லை. அப்பாவுக்குப் பின்னேர ஷிப்ட், பன்னிரண்டரைக்குத்தான் வருவார், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். வாசல் கதவு திறந்த சத்தம் கேட்டது. இப்போது குளியலறையில் தண்ணீர் ஓடுகிறது, முகம் கழுவுகிறார். நின்றுவிட்டது. மாடிப்படியில் வருகிறார்.

கதவைத் தட்டுகிறார். பிள்ளை, முழிச்சிருக்கிறியோ, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு என்கிறார். அண்ணை, இந்த முறை நான் உள்ளதை உள்ளபடி